ஜோஹோவிலிருந்து மூன்று தலைமுறை: சென்னையின் சாஸ் நிறுவனங்கள் பிறந்த விதம்

ஒரு நிறுவனத்தை விட்டு வெளியே வந்தவர்கள் புதிய நிறுவனங்களைத் தொடங்கி, அவற்றிலிருந்து வெளியே வந்தவர்கள் மேலும் சிலவற்றைத் தொடங்கி, ஒரு நகரத்தின் தொழில் முகத்தையே மாற்றிய நிகழ்வு இது. தொழில் சாஸ், அதாவது இணையம் வழியாகச் சந்தாவுக்கு விற்கப்படும் மென்பொருள். இடம் சென்னை, காலம் 1996 முதல் 2024 வரை. நிறுவனங்களின் பெயர்கள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. தனிநபர்களை அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிப்பிட்டிருக்கிறோம்.

பின்னணி

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளை விற்றுவந்தது. 2001 வாக்கில் டாட்காம் சரிவு, அதாவது இணைய நிறுவனங்களின் வீழ்ச்சி, வந்தபோது அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் காணாமல் போனார்கள். பிழைக்க வேறு வழி தேடிய நிறுவனம், பிற கம்பெனிகளின் ஐடி துறைகளுக்கான மேனேஜ்எஞ்சின் மென்பொருள்களைக் கொண்டுவந்தது. 2005-இல் ஜோஹோ என்ற இணையச் செயலிகள் வந்தன. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது.

அந்த நெருக்கடி இந்த நிறுவனத்துக்கு ஒரு புதிய வேலை முறையைக் கற்றுக்கொடுத்தது. ஆண்டுக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் டாலர் மட்டுமே தரும் வாடிக்கையாளரைத் தேடி அமெரிக்காவுக்கு விற்பனையாளரை விமானத்தில் அனுப்ப முடியாது. டிக்கெட் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். எனவே வாங்குபவர் தேடுபொறி வழியாகத் தானே வர வேண்டும், 30 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் சென்னையில் இரவு ஷிப்டில் இருப்பவர் தொலைபேசியில் தீர்க்க வேண்டும், கிரெடிட் கார்டில் பணம் வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விற்பனை நின்றுவிடும்.

இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே ஆளின் பொறுப்பில் விட்டதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர். ஒரு தயாரிப்பு மேலாளர் எந்த வசதியைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார், விலைப் பக்கத்தை எழுதுவார், புகார் டிக்கெட்டுகளைப் படிப்பார், போட்டியாளரின் விலை மாறினால் அன்றே அறிந்துவிடுவார். அதே காலத்தில் சென்னையின் பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் பல மடங்கு அதிகமான பொறியாளர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கண்டது வெளிநாட்டு வாடிக்கையாளரின் திட்டத்தில் ஒரு பகுதியை மட்டுமே. அதை யார் ஏன் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வந்தவர்களுக்கு இருந்த முன்தொடக்கம் வேறு.

ஜோஹோ வெளி முதலீடு வாங்கவில்லை, பங்குச் சந்தைக்கும் போகவில்லை. அதனால் அங்கிருந்து வெளியேறியவர்கள் பங்கு விற்ற பணத்தோடு வெளியேறவில்லை. 2002-இல் அமெரிக்காவின் இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபால் 1.5 பில்லியன் டாலருக்கு ஈபேயிடம் விற்கப்பட்டதும் அதன் ஆட்கள் கையில் பணத்தோடு அடுத்த நிறுவனங்களைத் தொடங்கிய கதையையே இப்படிப்பட்ட முன்னாள் ஊழியர் வட்டங்களுக்கு இலக்கணமாகச் சொல்வார்கள். சென்னையின் முதல் தலைமுறை அந்த இலக்கணத்துக்குள் வரவில்லை. அவர்கள் கொண்டுவந்தது தொழில் தெரிந்த கை ஒன்றுதான்.

2010–2011: முதல் வெளியேற்றம்

மேனேஜ்எஞ்சின் பிரிவில் தயாரிப்பு மேலாண்மையில் மூத்த பொறுப்பில் இருந்த ஒருவரும் அவரோடு பணியாற்றிய தொழில்நுட்பத் தலைவர் ஒருவரும் 2010-இல் ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் அது. அந்த ஆண்டில்தான் சந்தையில் முன்னணியில் இருந்த ஜென்டெஸ்க் தன் விலையை உயர்த்தி, பயனர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தது.

அப்போது எடுத்த முடிவுகளில் மூன்று, பிறகு பலர் பின்பற்றும் மாதிரி ஆயின.

முதலாவது, புதிய வகைப் பொருளைக் கண்டுபிடிக்க முயலாமல், ஏற்கெனவே மக்கள் தேடி வாங்கும் பொருளை எடுத்துக்கொண்டது. சந்தை இருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. கேள்வி விலையிலும் பயன்படுத்தும் எளிமையிலும் மட்டுமே இருந்தது. இரண்டிலும் அவர்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது.

இரண்டாவது, முதல் நாளிலிருந்தே வெளிநாட்டுக்கு விற்றது. 2011-இல் வந்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. சென்னையிலிருந்து யாரும் அங்கே போய் விற்கவில்லை.

மூன்றாவது, பணத்தை மெல்ல வாங்கியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய ஸ்டார்ட்அப் போட்டியில் 40,000 டாலர் பரிசு கிடைத்தது. ஆண்டு இறுதியில் அக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது. பொருளும் பணம் கட்டும் வாடிக்கையாளர்களும் வந்த பிறகே முதலீட்டாளர் வந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அதே 2011-இல் சந்தாக் கட்டணம் வசூலிக்க உதவும் சார்ஜ்பீயும் சென்னையில் தொடங்கியது. அதன் நிறுவனர் குழுவிலும் ஜோஹோவில் பணியாற்றியவர்கள் இருந்தார்கள். ஒரே நகரத்தில் இரு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஒரே சிக்கலோடு போராடியதால் சின்னச் சின்னத் தகவல்களுக்கும் மதிப்பு ஏற்பட்டது. எந்த மாநிலத்தில் அமெரிக்க நிறுவனத்தைப் பதிவு செய்வது, டாலரில் கார்டு பணத்தை யார் வழியாக வாங்குவது, அமெரிக்க நேரத்துக்கு எத்தனை பேரை இரவில் வைப்பது, இலவசச் சோதனையில் கார்டு எண் கேட்கலாமா கூடாதா என்ற கேள்விகளுக்கு அன்று புத்தகத்தில் விடை இல்லை. தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

கவனித்தவை: வட்டத்தில் எது கைமாறியது

முன்னாள் ஊழியர் வட்டம் என்றதும் சிபாரிசும் அறிமுகமும் நினைவுக்கு வரும். சென்னையில் அவற்றைவிட அதிகமாகக் கைமாறியவை வேறு.

ஆள் மதிப்பீடு முதலில் வரும். நேர்காணலில் ஒரு மணி நேரம் பேசித் தெரிந்துகொள்வதைவிட, ஒரே குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தவருக்கு, யார் இரவு 2 மணிக்குச் சர்வர் விழுந்தால் எழுந்து வருவார் என்று நன்றாகத் தெரியும். முதல் பத்துப் பேரை எடுக்கும்போது ஏற்படும் தவறு மிகவும் விலை உயர்ந்தது. அந்தத் தவறின் வாய்ப்பைப் பழக்கம் குறைத்தது.

அடுத்தது விலை பற்றிய அறிவு. ஒரு பயனருக்கு மாதம் இத்தனை டாலர் என்று வைத்தால் எத்தனை பேர் சோதனையிலிருந்து வாங்குவார்கள், ஆண்டுக் கட்டணத்துக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம், முதல் ஆண்டில் எத்தனை பேர் விலகுவார்கள் என்பதெல்லாம் சொந்தமாகக் கற்றால் இரண்டு ஆண்டுகளும் கையிலிருக்கும் பணமும் போய்விடும்.

மூன்றாவது, துணிவு. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் செய்துகாட்டிய பிறகு வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசுவது எளிதானது. நிலையான சம்பளத்தை விடுவதைக் குடும்பமே கூடி முடிவு செய்யும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

2015–2017: ஃப்ரெஷ்டெஸ்க் வாங்கத் தொடங்கியது

2015 முதல் ஃப்ரெஷ்டெஸ்க் சிறு நிறுவனங்களை அடுத்தடுத்து வாங்கியது. சென்னையைச் சேர்ந்த ஃப்ரில்ப், செயலிகளுக்குள் வாடிக்கையாளருடன் பேச உதவிய கொனோட்டர் ஆகியவை அவற்றில் சில. 2017-இல் ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனத்தின் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஜோஹோவிலும் ஃப்ரெஷ்டெஸ்கிலும் இருந்தவர்கள் தொடங்கிய ஜார்கெட்டையும் வாங்கியது.

ஒரு முன்னாள் ஊழியர் வட்டத்துக்கு இது செய்த நன்மையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து. சிறு நிறுவனம் பெரிதாக வளராமல் போனால் பொதுவாக இரண்டு முடிவுகளே உண்டு: மூடுவது, அல்லது வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பது. அதே ஊரில், ஆட்களின் திறமை தெரிந்த ஒருவர் வாங்கத் தயாராக இருந்தால் மூன்றாவது கதவு திறக்கிறது. நிறுவனர்கள் பெரிய நிறுவனத்துக்குள் போய்ப் பெரிய அளவில் ஒரு பொருளை நடத்தக் கற்கிறார்கள். கொனோட்டர் குழு உள்ளே போய் ஃப்ரெஷ்சாட் பொருளை வளர்த்தது. ஜார்கெட் குழு மார்க்கெட்டிங் மென்பொருளை வளர்த்தது.

இத்தகைய கொள்முதல்களில் விலையின் ஒரு பகுதி ரொக்கமாகவும், ஒரு பகுதி பங்காகவும், மிச்சம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வேலையில் நீடித்தால் கிடைப்பதாகவும் பிரிக்கப்படுவது வழக்கம். அதனால் அந்தக் கால அளவு முடியும்போது அனுபவமும் ஓரளவு பணமும் உள்ள நிறுவனர்கள் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள். அடுத்த அலை எப்போது வரும் என்று கணிக்க விரும்புபவர் இந்தத் தேதிகளைப் பார்த்தாலே போதும்.

2015-இல் சாஸ்எக்ஸ் என்ற பெயரில் சென்னையில் தொடங்கிய நிறுவனர் சந்திப்பும் இந்தக் காலத்தது. பின்னர் அது சாஸ்பூமி ஆயிற்று. ஒரே நிறுவனத்தில் பழகியவர்களுக்குள் மட்டும் ஓடிய தகவல், அங்கே வேலை பார்த்திராதவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது இதன் வழியாகத்தான். வட்டம் சங்கமாகாமல் போயிருந்தால் சென்னையின் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்திருக்காது.

2020–2021: மூன்றாம் தலைமுறையும் பணமும்

2020-இல் கொனோட்டர் நிறுவனர்கள் வெளியேறி ராக்கெட்லேன் தொடங்கினார்கள். ஜார்கெட்டின் நிறுவனர்களில் ஒருவர் சூப்பர்ஆப்ஸ் தொடங்கினார். இதற்கு முன்பே 2017-இல் ஜோஹோவிலிருந்து வந்த குழு, கட்டடப் பராமரிப்புக்கான ஃபெசிலியோவைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் முறை தொடங்குபவர்கள் என்பதால் ராக்கெட்லேனும் சூப்பர்ஆப்ஸும் முதலீடு பெற அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

2021 செப்டம்பர் 22 அன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2.85 கோடி பங்குகள், ஒன்று 36 டாலர் விலையில், சுமார் 103 கோடி டாலர் திரட்டப்பட்டது. இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நிறுவனர் அப்போது அறிவித்தார். அந்த ஆண்டிலேயே அவர் வேறு சில நிறுவனர்களோடு சேர்ந்து டுகெதர் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கினார். முதல் தலைமுறையிடம் இல்லாத பணம் இப்போது வட்டத்துக்குள் வந்தது.

இந்தப் பணத்தை வைத்து அடுத்த நிறுவனம் தொடங்க நினைத்தவர்கள் தடுக்கி விழுந்த இடங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பங்கு ஆப்ஷன் என்பது நிறுவனப் பங்கை முன்பே குறித்த விலையில் வாங்க ஊழியருக்குத் தரப்படும் உரிமை. அதில் வழக்கமான ஏற்பாடு நான்கு ஆண்டு வெஸ்டிங் (உரிமை படிப்படியாகச் சேரும் காலம்), முதல் ஆண்டு கிளிஃப் (அது முடியும்வரை எதுவும் சேராது). 11 மாதத்தில் விலகினால் ஒன்றும் கிடைக்காது. விலகிய பிறகு ஆப்ஷனைப் பயன்படுத்தப் பல நிறுவனங்களில் 90 நாள்தான் அவகாசம். பட்டியலிடப்படாத நிறுவனத்தில் அந்த 90 நாளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கையில் 1,000 ஆப்ஷன், பயன்படுத்தும் விலை 10 ரூபாய், நியாயச் சந்தை மதிப்பு 500 ரூபாய். பங்குக்காகக் கட்டுவது 10,000 ரூபாய்தான். ஆனால் வித்தியாசமான 4,90,000 ரூபாய் சம்பள வருமானமாகக் கருதப்படும். 30% அடுக்கில் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31.2% என்றால் வரி 1,52,880 ரூபாய். பங்கை விற்க இடமில்லை. வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பணம் இல்லாதவர் ஆப்ஷனைக் கைவிடுகிறார்.

இந்த வரியைத் தள்ளிவைக்க 2020-இல் ஒரு சலுகை வந்தது. அன்றைய 1961 வருமானவரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவில் தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அதிலும் ஒரு கண்ணி இருந்தது: தொடர்புடைய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம், பங்கை விற்பது, வேலையை விடுவது ஆகிய மூன்றில் எது முதலில் நடக்கிறதோ அன்றிலிருந்து 14 நாளில் வரி கட்ட வேண்டியிருந்தது. சொந்தமாகத் தொடங்குவதற்காக வேலையை விட்டவருக்கு, சம்பளம் நின்ற அதே மாதத்தில் வரிக் கடன் வந்து நின்றது.

அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்கு வைத்திருப்பவர்கள் அதை இந்திய வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். விற்காவிட்டாலும் காட்ட வேண்டும். இதை விட்டவர்களுக்குப் பின்னால் நோட்டீஸ் வரலாம்.

பங்கு விலையும் நிலைத்து நிற்கவில்லை. முதல் நாளில் 47 டாலரைத் தாண்டிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு 2022 இறுதியில் வெளியீட்டு விலையின் பாதிக்கும் கீழே இருந்தது. தாளில் தெரிந்த தொகையை நம்பி, புதிய சிறு நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போடும் ஏஞ்சல் முதலீட்டுக்கு வாக்குக் கொடுத்தவர்களுக்கு இப்படிப்பட்ட சரிவு நெருக்கடி. அதை நம்பி ஆள் எடுத்த சிறு நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய நெருக்கடி.

எங்கே பிசகியது

2020 மார்ச்சில் ஜோஹோ, தன் இரகசியத் தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக அமெரிக்க நீதிமன்றத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பட்டியலிடப்பட்டபோதும் வழக்கு முடிந்திருக்கவில்லை. 2021 நவம்பரில்தான் சமரசம் ஏற்பட்டது. ஃப்ரெஷ்வொர்க்ஸில் இருந்து அதற்குள் விலகிவிட்ட ஓர் ஊழியர் ஜோஹோவின் இரகசியத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியதை ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஒப்புக்கொண்டது.

ஒரே ஊரில், ஒரே தொழிலில், ஒரே ஆட்கள் என்றால் இந்த ஆபத்து எப்போதும் உடன் இருக்கும். சட்டம் சொல்வதைப் பலர் பாதி மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லாது. இதை நம்பிப் பழைய அலுவலகத்தின் விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் தனி மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது வேறு விஷயம். இரகசியம் காக்கும் கடமை வேலை முடிந்த பிறகும் தொடரும். வேலையில் இருந்தபோது வேலைக்காக எழுதிய கோடின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி முதலாளிக்கே சொந்தம்.

நோட்டீஸ் பீரியடில், அலுவலக லேப்டாப்பில், இரவில் எழுதிய சில நூறு வரிகள் இரண்டு ஆண்டு கழித்து முதலீட்டாளரின் வழக்கறிஞர் ஆராயும்போது வெளியே வரும். ரிலீவிங் லெட்டரின் தேதியையும் கோட் களஞ்சியத்தில் முதல் பதிவின் தேதியையும் அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு குறை சத்தமில்லாதது. வட்டம் தனக்குத் தெரிந்ததையே பெருக்கியது. பெங்களூரில் ஃப்ளிப்கார்ட்டிலிருந்து வந்தவர்கள் ஃபோன்பே, உடான் போன்ற பெரும் எண்ணிக்கையில் மக்களையும் கடைகளையும் நேரடியாகத் தொடும் நிறுவனங்களை உருவாக்கினார்கள். அவர்கள் கற்றது அது. சென்னையின் வட்டம் நிறுவனங்களுக்கு விற்கும் சந்தா மென்பொருளையே மீண்டும் மீண்டும் செய்தது. ஆட்களைப் பழக்கத்தின் பேரில் எடுத்ததால், பழைய குழுவில் யார் இல்லையோ அவர்கள் புதிய குழுவிலும் இல்லை. நிறுவனர்களில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

விளைவு

பெருங்குடி, கந்தன்சாவடி வழியாகச் சென்னையின் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம்) சாலையில் போனால் இந்த வம்சாவளியைக் கட்டடப் பலகைகளிலேயே படிக்கலாம். சார்ஜ்பீ 2021-இல் 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டியது. ராக்கெட்லேனும் சூப்பர்ஆப்ஸும் அடுத்தடுத்த சுற்று முதலீடு பெற்றன. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் 2024 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டார். ஆண்டு இறுதியில் நிர்வாகத் தலைவர் பொறுப்பையும் விட்டு, முதலீட்டுப் பணிக்கு முழுதாகச் சென்றார்.

2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் உலக அளவில் சுமார் 660 பேரை, அதாவது ஊழியர்களில் 13% பேரை நீக்கியது. இது வேறு வகை வெளியேற்றம். 2010-இல் வெளியேறியவர்களும் 2020-இல் வெளியேறியவர்களும் தேதியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், சக நிறுவனர்களைப் பேசி வைத்திருந்தார்கள். நீக்கப்பட்டவருக்கு அந்த ஏற்பாடு எதுவும் இருக்காது. வட்டம் அவர்களுக்கு முதலில் தர வேண்டியது வேலை. நிறுவனம் தொடங்கும் ஆலோசனை அதற்குப் பிறகு.

மீண்டும் செய்வதானால் மாற்ற வேண்டியவை

வெளியேறும் நடைமுறையை எழுத்தில் வைக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது புதிய பொருளுக்காக ஒரு வரி கோடும் எழுதுவதில்லை. கடைசி நாளில் லேப்டாப், தனி மின்னஞ்சல், கிளவுட் கணக்கு மூன்றிலும் பழைய நிறுவனத்தின் கோப்பு எதுவும் இல்லை என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதிய நிறுவனம் பதிவான வாரத்திலேயே எல்லா நிறுவனர்களும் தங்கள் படைப்புரிமையை அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வேறு நிறுவனத்திலிருந்து ஆள் எடுக்கும்போது, அங்கிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம் என்று ஆஃபர் லெட்டரிலேயே சொல்ல வேண்டும். முதல் நாளில் வாயாலும் சொல்ல வேண்டும். வழக்கு வந்தபின் ஆளை நீக்குவதைவிட இது மலிவு.

ஆப்ஷன் தரும் நிறுவனங்கள் 90 நாள் அவகாசத்தைப் பல ஆண்டுகளுக்கு நீட்டலாம். செலவு சிறிது, பணமில்லாத பொறியாளரும் தன் பங்கை இழக்காமல் வெளியே வந்து தொடங்க முடியும். இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நிறுவனர்கள் ஆவார்கள்.

முதல் பத்து ஆட்களைப் பழைய சகாக்களிலிருந்து எடுப்பதில் தவறில்லை. 11-ஆவது ஆளிலிருந்து குறைந்தது பாதிப் பேரை வட்டத்துக்கு வெளியே தேட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது விலை. இந்த வட்டம் 20 ஆண்டுகளாகக் கைமாற்றிவந்த அறிவின் மையம், ஒரு பயனருக்கு மாதம் இத்தனை டாலர் என்ற கணக்கு. புகாருக்குப் பதில் எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும்போது ஹெல்ப்டெஸ்கில் உட்காரும் பயனர்களின் எண்ணிக்கையே குறைகிறது. நாற்காலியை எண்ணி விற்றவர்கள் தீர்த்த புகாரை எண்ணி விற்கக் கற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைச் சென்னையில் முதலில் போட்டுப் பார்ப்பவர்கள் அதை அடுத்த சந்திப்பிலேயே மேசைமேல் விரித்து வைக்க வேண்டும்.